கோடை விடுமுறையைக் கடைசி நாளிலிருந்து எண்ணுங்கள்

இங்கிலாந்தில் முதல் ஆண்டுப் படிப்பை முடித்துவிட்டு ஜூன் மாதம் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது, கையில் முழுதாக மூன்று மாதம் இருக்கிறது என்ற நினைப்பில் இருந்தேன். செப்டம்பரில் பெட்டி கட்டும்போது எண்ணிப் பார்த்தால், ஈசூன் வீட்டுச் சோபாவும் கைப்பேசியும் அந்த மூன்று மாதத்தையும் தின்று தீர்த்திருந்தன. தாத்தாவோடு உட்கார்ந்து பேசிய நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விமானத்தில் அழுதேன். அடுத்த கோடையை இப்படி விடக்கூடாது என்று அங்கேயே ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன். மூன்று கோடைகளில் வளர்ந்த அந்தத் தாள்தான் இது.

பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ முதல் ஆண்டு முடித்து ஊர் திரும்பும் சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவில் படிப்பவர்களுக்கு நீண்ட விடுமுறை ஆண்டுக் கடைசியில் வரும். அப்போது இங்கே வடகிழக்குப் பருவமழை. வெளியே சுற்றும் பகுதியை மட்டும் மழைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏறுவதற்கு முன்பே

சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். விமானத்தில் வரும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்கூட இது உண்டு. வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் கண்ணில் பட்டால் அது குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் தளம் இல்லை என்று புரிந்துகொண்டு மூடிவிடுங்கள்.

இன்னொன்றைத் தம்பி தங்கைகளுக்குச் சொல்வதுபோல் நேராகவே சொல்லிவிடுகிறேன். அங்கே விடுதியில் எல்லாரும் மின்சிகரெட் பிடிப்பார்கள், தெருமுனைக் கடையிலேயே விற்பார்கள். இங்கே அதை வைத்திருப்பதே குற்றம். கைப்பையின் ஓரத்தில் மறந்து கிடந்தது என்று சொன்னாலும் எடுபடாது. போதைப்பொருள் விஷயத்தில் நம் சட்டம் இன்னும் கடுமை: குடிமகனோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் உட்கொண்டிருந்தாலும் இங்கே வழக்குப் போடலாம். பெட்டி கட்டும்போது ஒவ்வொரு பையையும் கவிழ்த்து உதறிப் பாருங்கள்.

முதல் வாரம்: தூக்கம் வராத இரவுகளை வீணாக்காதீர்கள்

கோடையில் லண்டன் நேரம் நமக்கு ஏழு மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே விடியற்காலை நான்கு மணி என்றால் உங்கள் உடம்புக்கு அது இரவு ஒன்பதுதான். எவ்வளவு புரண்டாலும் தூக்கம் வராது. அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து வருபவர்களுக்குப் பகலும் இரவும் அப்படியே தலைகீழ். முதல் கோடையில் அந்த நேரத்தையெல்லாம் படுக்கையில் காணொளி பார்த்தே கழித்தேன். இரண்டாவது கோடையில் சித்தி மகனைக் கூட்டிக்கொண்டு சாங்கிக் கடற்கரைக்குப் போனேன். இந்தத் தாளில் உள்ளவற்றில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆண்டின் நடுப்பகுதியில் நம் கடற்கரைகளில் நீர் மிகவும் வற்றுவது பெரும்பாலும் விடிவதற்கு முன்னால். ஆண்டுக் கடைசியில் அது மாலைக்கு மாறிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில்தான் நீர் அதிகம் வற்றும். கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைக் காட்டும் ஓத அட்டவணையில் நீர்மட்டம் அரை மீட்டருக்குக் கீழே போகும் நாளைத் தேடி எடுங்கள். மிகவும் வற்றும் நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகக் கரையில் இருக்க வேண்டும். அந்நேரத்துக்கு எம்ஆர்டி கிடையாது, வாடகைக் காருக்குக் காசு ஒதுக்குங்கள். தனியாகப் போகவே கூடாது. விரலை மூடிய, அடிப்பாகம் தடித்த சப்பாத்து கட்டாயம் வேண்டும். கல்மீனும் திருக்கையும் மணலில் புதைந்து கிடக்கும், ஜப்பான் சிலிப்பர் அதற்கு எதிரே நிற்காது. தலையில் மாட்டும் விளக்கு இருந்தால் இரண்டு கையும் காலியாக இருக்கும்.

நாங்கள் போன அன்று நாலரை மணி. வழக்கமாக அலை அடிக்கும் இடத்தில் கடற்புல் படுத்துக் கிடந்தது. அதற்கு நடுவே கையகல நட்சத்திரம் ஒன்று, மணலின் நிறத்திலேயே. விளக்கை நீட்டினோம், அசையவே இல்லை. செத்துப்போயிருக்கும் என்றான் தம்பி. பக்கத்தில் கடல் சாமந்தி ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினால் நட்சத்திரத்தைக் காணோம். அது கிடந்த இடத்தில் ஐந்து கை வரைந்ததுபோல் மணலில் ஒரு தடம் மட்டும் இருந்தது. உள்ளே இறங்கிவிட்டது! தம்பி அந்தத் தடத்தின் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டான். பாடநூலில் படித்ததைவிட அந்த ஐந்து நிமிடத்தில் அவனுக்கு அதிகம் புரிந்தது.

எதையும் கையில் எடுக்காதீர்கள், வாளியில் போடாதீர்கள். நீர் ஏறத் தொடங்கியதும் திரும்பிவிடுங்கள். அப்புறம் விடிந்துவிடும், பசி வயிற்றைக் கிள்ளும். சாங்கி கிராமத்து உணவங்காடியில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கே கண்ணைச் சுழற்றும். இரண்டு மூன்று நாளில் உடம்பு ஊர் நேரத்துக்கு வந்துவிடும்.

அலுவல் வேலைகளையும் இந்த வாரத்திலேயே முடித்துவிடுங்கள். பல் மருத்துவருக்கு நேரம் வாங்குவது முதல் வேலை, ஏனென்றால் அங்கே அது எளிதில் கிடைக்காது. கடப்பிதழ் காலாவதித் தேதியைப் பாருங்கள். பிரிட்டனில் படிப்பவர்கள் புதுக் கடப்பிதழ் எடுத்தால் அதன் எண்ணை மின்விசாக் கணக்கிலும் மாற்ற வேண்டும். பழைய பிளாஸ்டிக் வசிப்பு அனுமதி அட்டைகளின் காலம் 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. அமெரிக்காவில் படிப்பவர்கள் ஐ-20 என்ற தங்கள் மாணவர் படிவத்தில் உள்ள பயணக் கையெழுத்து, திரும்பும் நாளில் ஓராண்டுக்குள் இருக்குமா என்று கணக்குப் பாருங்கள். இல்லையென்றால் ஜூலையிலேயே பல்கலைக்கழக அலுவலகத்துக்கு எழுதிவிடுங்கள், படிப்பு தொடங்கும் நேரத்தில் அங்கே எல்லாரும் முண்டியடிப்பார்கள்.

நாள்காட்டியை மாட்டுங்கள்

இப்போது விமானத் தேதியில் ஒரு வட்டம் போட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசிப் பத்து நாளைச் சுற்றிக் கோடு போடுங்கள். அது வீட்டுக்கும் மூட்டைக்கும் உரியது, நண்பர் கூப்பிட்டாலும் கொடுக்காதீர்கள். முதல் வாரம் தூக்கத்துக்குப் போய்விட்டது. நடுவில் பத்து வாரம்தான் மிச்சம். இந்தக் கணக்கு போட்டபிறகுதான் எனக்கு உறைத்தது: மூன்று மாதம் என்பது வெறும் பேச்சு.

ஜூனில் பள்ளிகளுக்கு நான்கு வாரம் விடுமுறை. தம்பி தங்கைகளோடு போக வேண்டிய இடங்களை அதற்குள் வையுங்கள். அதே நாள்களில் விலங்குத் தோட்டத்திலும் ஜொகூர் கடற்பாலத்திலும் கூட்டம் அம்மும், அங்கே போவதை ஜூலைக்குத் தள்ளுங்கள். ஆகஸ்ட் 9 தேசிய தினம், வீட்டில் எல்லாரும் இருப்பார்கள். ஒவ்வொரு வாரத்திலும் ஒரு நாளை எதுவும் எழுதாமல் விடுங்கள். மழைக்கோ, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கோ, சும்மா படுத்துக் கிடக்கவோ அது தேவைப்படும்.

வேலை பார்ப்பதானால்

நிறுவனங்களில் வேலைப்பயிற்சி வேண்டுமென்றால் ஊருக்கு வந்த பிறகு தேடுவது தாமதம். அங்கே பனி கொட்டும் ஜனவரி, பிப்ரவரியிலேயே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். அதைத் தவறவிட்டவர்களுக்குத் தமிழ்த் துணைப்பாடம் நல்ல வழி. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழித் தேர்வு ஆகஸ்ட் நடுவில் வருகிறது. பிள்ளைகளோடு தமிழில் சலிக்காமல் பேச ஓர் அக்காவோ அண்ணனோ கிடைக்கமாட்டாரா என்று பெற்றோர் தேடும் காலம் ஜூனும் ஜூலையும்தான். நான் பக்கத்து புளோக்கில் இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். படத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்பதோடு நிறுத்தாமல், அவர்களைக் கீழே காப்பிக்கடைக்குக் கூட்டிப்போய் அங்கே நடப்பதைச் சொல்லச் சொன்னேன். ஒரு வாரத்தில் வாய் திறந்துவிட்டது. ஓராண்டாக ஆங்கிலத்திலேயே பேசித் துருப்பிடித்திருந்த என் தமிழும் சேர்ந்து சரியானது.

கடைகளிலோ அலுவலகத்திலோ சேர்ந்தால் மத்திய சேம நிதிக் கழிவு பற்றி முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிச் சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்பதையும் கேளுங்கள். நீங்கள் விமானம் ஏறிய பிறகு வர வேண்டிய காசுக்கு அங்கிருந்து துரத்துவது சிரமம்.

நடுவாரங்கள்: காலால் பார்க்கும் ஊர்

அங்கே நண்பர்கள் சிங்கப்பூரைப் பற்றிக் கேட்பார்கள். மரினா பே, சாங்கி விமான நிலையம் என்று இரண்டு சொல்லிவிட்டு எனக்குப் பேச்சு நின்றுபோனது. பத்தொன்பது வருடம் வாழ்ந்த ஊரை எம்ஆர்டி ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறோம் என்று அப்போது புரிந்தது. அதனால் வாரத்துக்கு ஒன்று என்று இடங்களை எடுத்துக்கொண்டேன்.

புலாவ் ஊபின்தான் முதலில். சாங்கிப் படகுத்துறையிலிருந்து சிறு படகுகள் போகும். 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும், முன்பதிவு கிடையாது. கட்டணத்தை ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். தீவில் இறங்கியதும் சைக்கிள் வாடகைக் கடைகள் இருக்கும். எடுத்ததும் கடைவாசலிலேயே ஒரு சுற்று ஓட்டி, இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள், ஊபினில் ஏற்ற இறக்கம் அதிகம். செக் ஜாவாவில் சதுப்பு நிலக்காட்டுக்கும் கடலுக்கும் மேலே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக மரநடைபாதை போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஜெஜாவி கோபுரம், மரங்களின் உச்சிக்குச் சமமாக நிற்கலாம். செக் ஜாவாவை மண்கொட்டி மூடும் திட்டம் இருந்தது. இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் பேசியதில் 2001-இல் அதைத் தள்ளிவைத்தார்கள். முதல் தடவை நான் ஓதம் பார்க்காமல் போய்விட்டேன். நீர் ஏறியிருந்தது, பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மறுபடி வற்றும் நேரம் பார்த்துப் போனபோது நண்டுகள் கொடுக்கை ஆட்டிக்கொண்டு மொய்த்தன. மாலை ஆறுக்குள் துறைக்குத் திரும்பிவிடுங்கள்.

அடுத்தது பழைய ரயில் பாதை. தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே போகும் 24 கிலோமீட்டர் பாதை இப்போது நடைபாதை. மலாயா ரயில் அதில் கடைசியாக ஓடியது 2011 ஜூன் 30 அன்று, ஜொகூர் சுல்தானே அந்தக் கடைசி ரயிலைச் செலுத்தினார். முழுவதையும் ஒரே நாளில் நடக்க வேண்டாம். புக்கிட் தீமாவின் பழைய நிலையத்தையும் இரண்டு இரும்புப் பாலங்களையும் உள்ளடக்கிய பகுதி ஒரு காலைக்குப் போதும். முடிந்தால் அப்பாவையோ பெரியப்பாவையோ கூட்டிப்போங்கள். என் அப்பா அந்தப் பாலத்தடியில் நின்று, சிரம்பானிலுள்ள அத்தை வீட்டுக்கு ரயிலில் போன கதையைச் சொல்ல ஆரம்பித்தார், நிலையம் வரும்வரை நிறுத்தவில்லை.

மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் மரங்களின் உச்சிக்கு நடுவே 250 மீட்டர் தொங்குபாலம் இருக்கிறது. அங்கே போய் வரவே மூன்று நான்கு மணி நேர நடை. திங்கட்கிழமை பாலம் மூடியிருக்கும். கையில் பிளாஸ்டிக் பை வைத்திருக்காதீர்கள், குரங்குகளுக்குப் பை என்றால் சாப்பாடு என்று அர்த்தம்.

வானத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். ஆண்டில் 160 நாளுக்கு மேல் இடி இடிக்கும் ஊர் இது. கோடை மாதங்களில் சுமத்ராப் பக்கத்திலிருந்து விடியலிலும் காலையிலும் திடீரென்று காற்றும் மழையும் வரும். இடி கேட்டால் கடற்கரையிலும் குன்றிலும் நிற்காதீர்கள். காற்றில் புகை வாடை அடித்தால் காற்றுத்தரக் குறியீட்டைப் பாருங்கள், 100-ஐத் தாண்டினால் அன்றைக்கு அருங்காட்சியகம். கேம்பல் லேனில் 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்துக்குக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவு இலவசம்.

ஜொகூர் பாருவுக்கு ஒரு நாள் போதும். உட்லண்ட்ஸிலிருந்து ரயிலில் ஐந்தே நிமிடம், ஆனால் இருக்கைகள் சீக்கிரம் விற்றுவிடும். இல்லையென்றால் 950 அல்லது 170 பேருந்து. வெள்ளி மாலையும் பொதுவிடுமுறைக்கு முந்தின நாளும் வேண்டவே வேண்டாம். கண்ணாடிக் கோயிலான ராஜகாளியம்மன் ஆலயம் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். கடப்பிதழை வீட்டில் வைத்துவிட்டுச் சோதனைச்சாவடி வரை போனவர்களை எனக்குத் தெரியும்.

தாத்தாவோடு ஒரு காலை

தாத்தா இளவயதில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். பிரிட்டிஷ் படை 1971-இல் கிளம்பிப் போனது. அதைப் பற்றி வீட்டில் கேட்டால் அது என்ன பெரிய கதை என்று கையை உதறிவிடுவார். அவரைப் பேச வைத்தது செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காதான். ஊற்றுத் தண்ணீர் கிட்டத்தட்ட 70 டிகிரி, அதில் முட்டை வேகவைப்பதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வீட்டிலிருந்து ஆறு முட்டையும் ஒரு வாளியும் கொண்டுபோனோம். முட்டை வேக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேறு வேலை இல்லை, பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். கால்களை வெதுவெதுப்பான தொட்டியில் விட்டுக்கொண்டு அவராகவே ஆரம்பித்தார்: சங்கு ஊதும் நேரம், சம்பள நாள், எந்த வாசலில் யார் நிற்பார்கள், தமிழர்களும் மலையாளிகளும் குடியிருந்த வரிசை வீடுகள். முட்டை வெள்ளைக்கரு இளகியே இருந்தது. உப்பும் சோயா சாஸும் விட்டுக் குடித்தார்.

நீங்களும் இதைச் செய்யுங்கள், கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். முதலிலேயே பதிவு செய்கிறேன் என்று சொல்லிவிடுங்கள், ஒளித்து வைத்துச் செய்யாதீர்கள். கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே பிடிக்காமல் மடியில் வையுங்கள். உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்று கேட்டால் யாருக்கும் பேச்சு வராது. முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், அப்போது காலையில் என்ன சாப்பிடுவீர்கள், யாரோடு வேலைக்குப் போவீர்கள் என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். நடுவில் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியைப் போடாமல் காத்திருங்கள், நல்ல கதை அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும். வீட்டுக்கு வந்ததும் கோப்புக்குத் தேதியும் பெயரும் போட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

கடைசிப் பத்து நாள்

பாட்டியின் சமையலறையில் இரண்டு நாள் நில்லுங்கள். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் ‘கொஞ்சம் புளி, கைப்பிடி மல்லி’ என்றுதான் வரும். நான் ஒரு சின்ன மின்தராசை அம்மியின் பக்கத்தில் வைத்து, பாட்டி கையில் எடுத்ததையெல்லாம் சட்டிக்குப் போகும் முன் நிறுத்துக் குறித்தேன். பாட்டியின் ஒரு கைப்பிடி மல்லி 28 கிராம். என் கைக்கு 40. மான்செஸ்டரில் என் குழம்பு ஏன் கசந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூட்டையில் எதை வைக்கலாம் என்பது போகும் நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனுக்கு இங்கிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, உப்புக்கண்டம் எல்லாம் இதில் அடங்கும். அம்மா அழுதாலும் எடுத்து வெளியே வையுங்கள். நெத்திலிக் கருவாடு மீன் என்பதால் போகலாம். இட்லிப்பொடி, சாம்பார்ப்பொடி, வற்றல், புளி எல்லாம் சரி. பச்சைக் கறிவேப்பிலையைப் பிரிட்டனுக்கோ அமெரிக்காவுக்கோ எடுக்காதீர்கள், பொடியில் சேர்த்து அரைத்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் எந்த உணவாக இருந்தாலும் வருகை அட்டையில் ஒன்றுவிடாமல் அறிவித்துவிடுங்கள். அறிவித்த பொருளைப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால்தான் அபராதம்.

ஊறுகாயும் தொக்கும் திரவக் கணக்கில் சேரும். கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில்தான் போட வேண்டும். போத்தல் மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக்கி, இரண்டு பைக்குள் கட்டி, துணிகளுக்கு நடுவில் வையுங்கள். பொடிகளைத் தேக்காவில் கிடைக்கும் கெட்டியான பைகளில் போட்டு வாயை ஒட்டிவிடலாம். ஒவ்வொரு பையின் மேலும் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கள், சுங்க அதிகாரி கேட்கும்போது மிளகாய்ப்பொடியையும் பருப்புப்பொடியையும் திறந்து காட்ட வேண்டியிருக்காது.

பெட்டியை முந்தின நாள் காலையிலேயே எடை பாருங்கள். நீங்கள் மட்டும் எடைக்கருவியில் ஏறி நின்று ஒரு முறை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, கழித்தால் பெட்டியின் எடை. அனுமதித்ததைவிட இரண்டு கிலோ குறைவாக வைத்து அப்படியே பூட்டாமல் விடுங்கள். அன்று சாயங்காலம் மாமாவோ பக்கத்து வீட்டு அத்தையோ ஒரு பொட்டலத்தோடு வந்து நிற்பார்கள், அதற்கு இடம் வேண்டும்.